ஒட்டியிருப்பவர்: ஒருவர்

ஓய்வு பெற்ற பிறகு என்னோடு பேச வீட்டில் ஆளில்லை. தவறான எண்ணில் அழைப்பவரைக்கூட அரை மணி நேரம் பிடித்துவைத்துக்கொள்கிற நிலை. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் வேலை பார்த்த மருத்துவமனையில் இப்போது கம்ப்யூட்டர் பொறுப்பிலிருக்கும் பெண் கூப்பிட்டபோது, செருப்பை மாட்டுவதற்குள் பாதி வழி போய்விட்டேன்.

அடித்தளத்து சர்வர் அறை அப்படியே இருந்தது. குளிர் என் எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தது. சூடான பிளாஸ்டிக் வாடை. ஓயாத இரைச்சல். மூலையில் ஆந்தையின் நாற்காலி.

ஆந்தை என்பது ராத்திரி ஷிப்டே பார்த்த என் பழைய கூட்டாளியின் பட்டப்பெயர். அங்கே எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த ஷிப்டுக்காரர் வந்து, 'நான் பாத்துக்கறேன், நீ போ' என்று வாயால் சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது. மாற்றிவிட ஆள் வராத ஒரு நீண்ட விடுமுறையில் ஆந்தை அந்த நாற்காலியிலேயே இறந்துபோனான். தேட வீட்டில் யாருமில்லை. விடுமுறை முடிந்து கதவைத் திறந்தவர்கள்தான் பார்த்தார்கள்.

பிணத்திடம் யார் அந்த வார்த்தையைச் சொல்வார்கள்?

முந்தின நாள் அந்தப் பெண் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை மேம்படுத்தியிருந்தாள். அதிலிருந்து டேட்டாபேஸ் கிளம்பவில்லை. மேலே பிரசவமான ஒருத்திக்கு இரத்தம் நிற்கவில்லை. அபூர்வ வகை. அதைக் கொடுக்கக்கூடியவர்களின் தொலைபேசி எண்கள் டேட்டாபேஸுக்குள் மாட்டிக்கொண்டிருந்தன.

நிரல்கள் எல்லாம் கூடி உட்காரும் பொது மேசை மாதிரிதான் ஷேர்டு மெமரி. புதிய சிஸ்டம் அதன் அளவைக் குறைத்திருந்தது. கூட்டினேன். அப்போதும் டேட்டாபேஸ் அடம்பிடித்தது: பழைய மேசையில் இன்னும் ஆள் இருக்கிறதாம். அந்தப் பழைய மேசையை அழித்தேன், போகவில்லை. அதில் யார் என்று கேட்டதற்குத் திரை சொன்னது:

ஒட்டியிருப்பவர்: ஒருவர்.

ரீபூட் செய்தாளா என்று கேட்டேன்.

"பிளக்கையே பிடுங்கிட்டேன் சார்."

மின்சாரம் போனால் மெமரியில் எறும்புகூட மிஞ்சாது. மறுபடி நானே பிடுங்கி, காத்திருந்து, செருகினேன்.

ஒருவர்.

பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஊழியர் எண். பெயரை நிர்வாகம் எப்போதோ அழித்துவிட்டது. எனக்கு அந்த எண் தெரியும்.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

"சார்... யாரு அது?"

"டூட்டில இருக்கான்மா. மாத்திவிட ஆள் வரல."

கிட்டே போய் நாற்காலியின் முதுகில் கை வைத்தேன். அந்தக் குளிரிலும் அது வெதுவெதுப்பாக இருந்தது. எத்தனை விடுமுறைகளைத் தனியாகக் கழித்திருப்பான்?

"நான் பாத்துக்கறேன்டா," என்றேன். "நீ போ."

அமுங்கியிருந்த மெத்தை, யாரோ எழுந்துகொள்வதுபோல மெல்ல உப்பியது.

திரையில் பூஜ்ஜியம். டேட்டாபேஸ் கிளம்பிவிட்டது. எண்கள் கிடைத்தன, இரத்தம் வந்தது, தாய் பிழைத்தாள். இரட்டைக் குழந்தை என்று கூட்டிச்சொல்ல எனக்கு ஆசைதான்; பிறந்தது ஒன்றுதான்.

வீடு திரும்பி விளக்கைப் போட்டேன். தொலைபேசி அடித்தது. அந்தப் பெண்தான்.

"எல்லாம் நல்லா ஓடுது சார். ஆனா மறுபடியும் ஒரு ஆள் ஒட்டியிருக்கு. இது வேற நம்பர்."

படித்தாள். என் எண். அதற்கு எதிரே இருந்த பெயரை நான் ஓய்வு பெற்ற அன்றே அழித்துவிட்டார்கள்.

"நாற்காலி சூடா இருக்கு சார்," குரல் தாழ்ந்தது. "நீங்க வீட்டுலதானே இருக்கீங்க?"

என் வீட்டில் ஏசி கிடையாது. எலும்பை எண்ணும் குளிர் இருந்தது. சூடான பிளாஸ்டிக் வாடையும்.

"அடுத்த ஷிப்டுக்கு யாரும்மா வர்றாங்க?" என்று கேட்டேன்.