வாட்கின்ஸ் குடும்பம்

ஐந்தாம் வகுப்பின் ஆங்கிலப் பயிற்சி நூலில் வாட்கின்ஸ் என்றொரு மனிதர் இருந்தார். எடுத்துக்காட்டு வாக்கியம் என்று வந்துவிட்டால் அவர் தலைதான் உருளும். ‘மிஸ்டர் வாட்கின்ஸ் குடையைத் தொலைத்துவிட்டார்.’ ‘மிஸ்டர் வாட்கின்ஸ் ரயிலைத் தவறவிட்டார்.’ ‘மிஸ்டர் வாட்கின்ஸ் சாவியை எங்கே வைத்தார்?’ பாவம், ஒரு பக்கத்திலாவது மனிதர் நிம்மதியாக இருந்ததில்லை.

குடை வாக்கியம் நடத்திய அன்றே, மூன்றாம் பெஞ்சுப் பையன் ஒருவன் நிஜமாகவே தன் குடையைத் தொலைத்தான். அவ்வளவுதான். வகுப்பின் கால்பந்துக் கேப்டன், “டேய், மிஸ்டர் வாட்கின்ஸ்!” என்று கத்தினான். பெயர் பசை போட்டது போல ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு டீச்சர் அந்தப் பெயரை வாசித்தால் போதும், வகுப்பே அவன் பக்கம் திரும்பும்.

அவன் பக்கத்தில் உட்காரும் வாயாடியும் சிரித்தாள். வாயாடி என்பது வீட்டில் அவளுக்கு வைத்த பெயர். பொருத்தமான பெயர்தான். முதலில் அவனும் கூடவே சிரித்ததால், யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

ஒருநாள் டீச்சர் சொன்னார்: “வாட்கின்ஸ்ங்கறது அவரோட சொந்தப் பேர் இல்ல, குடும்பப் பேர். அவர் மனைவி மிஸஸ் வாட்கின்ஸ். பொண்ணு மிஸ் வாட்கின்ஸ். அந்த வீட்டுல எல்லாருக்கும் அதே பேர்தான்.”

அன்று மாலை, பள்ளி வாசலில் மூன்றாம் பெஞ்சுப் பையனுக்காகக் காத்திருந்த அவனுடைய ஒன்றாம் வகுப்புத் தங்கையைக் கேப்டனும் அவன் கூட்டமும் சூழ்ந்துகொண்டார்கள்.

“மிஸ் வாட்கின்ஸ், இன்னிக்கு நீ என்ன தொலைச்சே?”

அந்தக் குட்டி பயந்துபோய்ப் பையைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

“எல்லாம் இருக்கே... நான் ஒண்ணும் தொலைக்கலையே...” என்று அழ ஆரம்பித்தாள்.

வாயாடிக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. குனிந்து பென்சில்களைப் பொறுக்கிக் கொடுத்தாள். அதற்குள் அண்ணன் வந்துவிட்டான்.

“என்னை என்ன வேணா சொல்லட்டும். இவளை எதுக்கு இழுக்கறாங்க?” என்றான். “அம்மாகிட்ட சொல்லப்போறேன். இனிமே நாங்க வேற ஸ்கூல்.”

“வேற ஸ்கூலா? அப்போ நான் யார்கூடப் பேசறது?”

“நீ சுவரோடகூடப் பேசுவே” என்று சொல்லிவிட்டு, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான்.

வாயாடிக்கு மனசு கேட்கவில்லை. அவளும் சேர்ந்து சிரித்தவள்தானே.

வீட்டுக்குப் போனால் அங்கே ஒரே ரகளை. அவள் அப்பா எலக்ட்ரீஷியன். ஸ்க்ரூடிரைவரைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“யாரு எடுத்தீங்க? வச்ச பொருள் வச்ச இடத்துல இருக்கறதே இல்ல!”

அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்தார். முட்டைத் தட்டில், இரண்டு முட்டைகளுக்கு நடுவே ஸ்க்ரூடிரைவர் ஜம்மென்று படுத்திருந்தது. காலையில் ஃப்ரிட்ஜ் விளக்கை மாற்றியபோது அப்பாவே அங்கே வைத்தது.

“யாரு எடுத்ததுன்னு இன்னொரு தடவை கேளுங்க” என்றார் அம்மா.

வாயாடி வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒன்று தோன்றியது.

மறுநாள் மூன்றாம் பெஞ்சுப் பையன் வகுப்புக்கு வந்தான். ஆனால் பையைத் திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டீச்சர், ஆளுக்கொரு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். வாயாடி முதலில் எழுந்தாள்.

“மிஸ் வாட்கின்ஸ் கணக்கு நோட்டை பஸ்ஸில் விட்டுவிட்டாள்.”

கேப்டன் திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தான். “இவன் தங்கச்சியா?”

“இல்ல, நான்தான்” என்றாள் வாயாடி. “அது குடும்பப் பேர்தானே? தொலைக்கறவங்க எல்லாம் அந்தக் குடும்பம்னா, நானும் அதுல சேர்த்தி. எங்க அப்பாவும்தான். நேத்து ஸ்க்ரூடிரைவரை முட்டையோட சேர்த்து வச்சிருந்தாரு!”

வகுப்பு குபீரென்று சிரித்தது. கடைசி பெஞ்சில், வாயே திறக்காத பெண் ஒருத்தி மெல்ல எழுந்தாள்.

“மிஸ் வாட்கின்ஸ் ஒரு செருப்பைக் கடற்கரையில் விட்டுவிட்டு வந்தாள்” என்றாள். “நானும்தான், டீச்சர்.”

பிறகு நான், நீ என்று போட்டி. ஒருவன் பல்லில் மாட்டும் கம்பியைத் தொலைத்திருந்தான். ஒருத்தி பூனையைத் தொலைத்துக் கண்டுபிடித்திருந்தாள். டீச்சர்கூட, “மிஸஸ் வாட்கின்ஸ் உங்க பரீட்சைத் தாளை வீட்டுலயே மறந்துட்டு வந்துட்டாங்க” என்றார். அதற்குத்தான் பெரிய கைதட்டல்.

கேப்டன் மட்டும் எழவில்லை. எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

“போன மாசம் டீம் பந்தை மைதானத்துலயே விட்டுட்டு வந்தது யாரு?” என்றாள் வாயாடி.

கேப்டன் தலையைச் சொறிந்தான். “மிஸ்டர் வாட்கின்ஸ்” என்று முனகினான். பிறகு மூன்றாம் பெஞ்சைப் பார்த்து, “சாரிடா. உன் தங்கச்சிகிட்டயும் சொல்லிடறேன்” என்றான்.

மூன்றாம் பெஞ்சுப் பையன் தன் பையைத் திறந்து நூலை வெளியே எடுத்தான். “டீச்சர், அடுத்த பாடத்தை நான் வாசிக்கட்டுமா?”

எழுந்து நின்று, கணீரென்று வாசித்தான்:

“மிஸ்டர் வாட்கின்ஸ் தன் தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டார்.”

ஒருவர்கூட அவன் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் அவரவர் பாட்டில் இருக்கிறதா என்று பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.