மார்க்கபந்துவின் வீச்சு

இன்னொருவருடைய வீச்சு உடம்பில் இறங்க ஒரு மாதமாவது பிடிக்கும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். தில்லைநாயகத்துக்கு அதற்கு முன்பே இறங்கிவிட்டது. கோத்தகிரிக்கு மேலே, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருந்த கோல்ஃப் மைதானத்தில் அன்று காலை அவர் மட்டையை ஓங்கியபோது, கைகளும் இடுப்பும் தாமாகவே ஒரு புதிய வழியில் போய்த் திரும்பின. பந்து பனிக்குள் நேராகப் போய் மறைந்தது. முதுகில் எதுவும் வெட்டவில்லை.

"வலிச்சுதா சார்?" காதுக்கருவியில் நஸ்ரீன் கேட்டாள். முதுகுச் சிகிச்சை நிலையத்தில் அவருக்குப் பட்டை பொருத்தியவள் அவள்தான்.

"இல்லம்மா. ஒண்ணுமே இல்ல." சொல்லிவிட்டு இன்னொரு பந்தை எடுத்து வைத்தார்.

கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு காலையில் எழுந்திருக்க அவருக்கு இருந்த காரணம் அந்த மைதானம் மட்டுமே. உடம்பைத் துணி பிழிவதுபோல் முறுக்கி அடிப்பது அவருடைய பாணி. அறுபதைத் தாண்டியதும் அந்த முறுக்கலே முதுகெலும்பின் அடித்தட்டை, அதாவது கீழ் டிஸ்க்கை, பிதுக்கிவிட்டது. மட்டை வேண்டுமா, நடை வேண்டுமா என்று கேட்டார் மருத்துவர்.

அந்தச் சமயத்தில்தான் வீச்சுப்பட்டைகள் வந்தன. கழுத்திலிருந்து இடுப்புவரை தோலோடு ஒட்டிக் கிடக்கும் மெல்லிய பட்டை. எந்தத் தசை எப்போது இறுக வேண்டும், எப்போது தளர வேண்டும் என்று சின்னச் சின்ன மின்துடிப்புகளால் அது உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கும். பாடம் வருவது வீச்சு வங்கியிலிருந்து. முதுகுவலியோடு விளையாடிப் பழகியவர்கள் தங்கள் அசைவுகளை அந்த வங்கிக்குக் கொடுத்திருந்தார்கள். சிலர் பெயரோடு, பலர் பெயர் சொல்லாமல். நம் எலும்புக்கும் வயதுக்கும் பொருந்துகிற ஒருவரை வங்கி தேடி எடுத்துத் தரும்.

தில்லைநாயகத்துக்குக் கிடைத்தது பெயர் சொல்லாத ஒருவருடையது. குறுகிய வீச்சு. வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். மட்டை பின்னால் ஏறும்போது இடது குதிகால் லேசாக எழும்பி இடுப்புக்கு வழிவிடும். உச்சிக்குப் போனதும் ஒரு கணம் அப்படியே நிற்கும். பிறகுதான் இறங்கும். அந்த நிற்றலில் ஓர் அழகு இருந்தது. கூட ஆடுகிறவர்கள் தங்கள் பந்தை மறந்து அவரைப் பார்த்தார்கள்.

ஒரு நாள் வேலிக்கு அப்பால் பாதையில் போன ஒரு பெண்மணியும் பார்த்தார். நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை அடிக்கிறீங்களா?"

தில்லைநாயகத்துக்கு விளங்கவில்லை. ஆனாலும் அடித்தார். திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண்மணியின் கண்கள் நிறைந்திருந்தன.

"தப்பா நினைச்சுக்காதீங்க. அது எங்க வீட்டுக்காரர் அடிக்கிறது. அந்தக் குதிகாலை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிச்சிடுவேன்."

பெயர் பாகீரதி. கணவர் மார்க்கபந்து இறந்தபின் கோயம்புத்தூர் வீட்டைப் பூட்டிவிட்டுத் தங்கையோடு இங்கே வந்து இருந்தார். மார்க்கபந்துவுக்கும் முதுகுதான் தொந்தரவு. பட்டை எல்லாம் வருவதற்கு முந்திய காலம். மொட்டை மாடியில் நின்றுகொண்டு, பாதத்தைக் கொஞ்சம் திருப்பி, குதிகாலைக் கொஞ்சம் எழுப்பி, வலிக்காத ஒரு வழியைத் தானே வருஷக்கணக்கில் தேடிக் கண்டுபிடித்தார். சாகிற வருஷம் அதை வங்கிக்குக் கொடுத்தார்.

"பேர் போடட்டுமான்னு கேட்டாங்க. வலிக்கிறவனுக்குப் பேர் எதுக்குன்னுட்டார்."

மறுநாளும் வந்தார் பாகீரதி. அதற்கு மறுநாளும் வந்தார். ஆட்டம் முடிந்ததும் இருவரும் தேநீர்க் கடையில் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பார்கள். தில்லைநாயகம் அதிகம் பேசுகிறவரில்லை. ஆனால் காலையில் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்திருந்தார்.

"மேலே போய் ஒரு நிமிஷம் நிக்குது பாருங்க, அதுதான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு," என்றார் ஒரு நாள்.

பாகீரதி டம்ளரைக் கீழே வைத்தார். "அது அழகுக்காக இல்லைங்க. அந்த இடத்துலதான் அவருக்கு வலி வரும். வருமா, வராதான்னு பயந்து நிப்பார். வரலைன்னா அடிப்பார். வந்துடுச்சுன்னா மட்டையைக் கீழே இறக்கிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு."

அதன்பிறகு ஒவ்வொரு முறை மட்டை உச்சியில் நிற்கும்போதும், செத்துப்போன ஒருவரின் பயத்தைத் தன் தோள் சுமந்து நிற்பதாக அவருக்குத் தோன்றியது. பாரமாக இருந்தது. ஆனாலும் இறக்கி வைக்க மனம் வரவில்லை.

வீச்சுப்பட்டைக்கு வயதிணக்கம் என்று ஒரு வேலை உண்டு. போட்டிருப்பவருக்கு வயது ஏற ஏற, உடம்பு எதைத் தாங்கும் என்று பார்த்து, வீச்சை அது தானாகவே திருத்திக்கொண்டு போகும். மழை முடிந்து வெயில் வந்த ஒரு காலையில் தில்லைநாயகம் அடித்துவிட்டுத் திரும்பினார். பாகீரதி பந்து போன திசையைப் பார்க்கவே இல்லை.

"இன்னிக்கு நிக்கலையே," என்றார்.

தில்லைநாயகம் இன்னொரு பந்து வைத்து அடித்தார். நிற்கவில்லை. மட்டை வழுக்கிக்கொண்டு போய் வழுக்கிக்கொண்டு வந்தது. பாகீரதி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அன்று தேநீர்க் கடைக்கு வரவில்லை.

தில்லைநாயகம் நேரே சிகிச்சை நிலையத்துக்குப் போனார்.

"உங்களுக்கு அந்த இடத்துல வலியே இல்ல சார். நிக்கிறது தேவையில்லாத சுமை. அதான் பட்டை எடுத்துடுச்சு," என்றாள் நஸ்ரீன்.

"பழையபடி வை. வயதிணக்கத்தையும் நிறுத்திடு."

"உங்க முதுகு அவர் முதுகு இல்ல சார். நிக்கிற நேரம் பூரா எடை உங்க அடித்தட்டு மேலதான் விழும்."

"என் முதுகும்மா. நான் பார்த்துக்கிறேன்."

நஸ்ரீன் வெகுநேரம் தயங்கினாள். அவர் நாற்காலியை விட்டு எழுவதாக இல்லை. கடைசியில் மாற்றிக்கொடுத்தாள்.

நிற்றல் திரும்பி வந்தது. பாகீரதியும் வந்தார். வேலியோரம் நின்று சின்னப் பெண்ணைப்போல் கைதட்டினார். "எப்படிங்க?" என்று கேட்டார். "பட்டைதான், ஏதோ கோளாறு, சரியாயிடுச்சு," என்று சொல்லிவிட்டார் தில்லைநாயகம்.

சில வாரங்களில் வலி தொடங்கியது. முதலில் ஒரு சுள்ளென்ற குத்தல். பிறகு காலில் இறங்கும் எரிச்சல். சாக்ஸ் மாட்டக் குனிய முடியவில்லை. மைதானத்துக்குள் வரும்போது மட்டும் நிமிர்ந்து நடந்தார். மட்டை உச்சியில் நிற்கும்போது இப்போது அவரும் கேட்டார்: வருமா, வராதா?

தை மாதத்து வெயிலில், பாகீரதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. மட்டை கையிலிருந்து நழுவியது. சிரிக்கத்தான் நினைத்தார். அதற்குள் புல்லின்மேல் விழுந்துவிட்டார்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, விழுந்ததில் கழுத்திலும் அடிபட்டிருந்ததால் தலை அசையாமல் இருபுறமும் கட்டையால் அணைத்திருந்தார்கள். ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடக்கலாம், அவ்வளவுதான் என்றார் மருத்துவர். நஸ்ரீன் பார்க்க வந்தாள். பாகீரதி ஏற்கெனவே கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சிடுங்க சார். நான் மாத்திக் கொடுத்திருக்கக் கூடாது," என்றாள் நஸ்ரீன். பாகீரதி நிமிர்ந்து பார்த்தார். நிற்றல் திரும்பி வந்தது கோளாறு சரியானதால் அல்ல என்று இப்போதுதான் அவருக்குத் தெரியவந்தது.

தில்லைநாயகம் கூரையைப் பார்த்தபடி கேட்டார்: "அந்த வீச்சு வங்கியில இருக்குல்ல? வேற யாராவது போட்டுக்கிட்டு அடிப்பாங்கல்ல?"

நஸ்ரீனுக்குச் சொல்ல மனமில்லை. "ஆயிரக்கணக்கான பேர் போட்டிருக்காங்க சார். ஆனா நீங்க விழுந்தது அந்த நிமிஷமே வங்கிக்குப் போயிடுச்சு. அது ஆராய்ஞ்சு, நிக்கிறதுதான் ஆபத்துன்னு முடிவு பண்ணிட்டுது. மூலப் பதிவுலயே அதை எடுத்துட்டாங்க. இனிமே யாருக்குப் போட்டாலும் நிக்காது. உங்க ஒருத்தரால அத்தனை பேர் முதுகு தப்பிச்சுது சார்."

ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் கடைசி வார்த்தையைச் சொன்னாள். சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

பாகீரதி திட்டுவார் என்று தில்லைநாயகம் எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் பட்டது.

"அப்ப இனிமே யாருக்கும் அங்கே வலிக்காதுல்ல?" என்று கேட்டார் பாகீரதி.

"வலிக்காது."

"அவர் அதுக்காகத்தானே கொடுத்தார்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தில்லைநாயகத்தின் போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டார். "நல்லதுதாங்க. நல்லதுதான்."

பாகீரதி எழுந்து போவது தில்லைநாயகத்துக்குக் கேட்டது. கூப்பிட வேண்டும்போல் இருந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கழுத்தைத் திருப்ப முடியாததால், செருப்புச் சத்தம் நடைபாதையில் தேய்ந்து இல்லாமல் போகும்வரை கேட்டுக்கொண்டு கிடந்தார்.