ஓட்டை விழுந்த கடிதம்

வேப்பம்பட்டில் ரயிலை விட்டு இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. வழி விசாரித்துக்கொண்டே ஏரிக்கரையோரம் நடந்தான் கோதண்டம். ஆவடி ராணுவ முகாமில் அவனுக்கு வேலை. சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதும் தமிழ்க் கடிதங்களைப் படித்து, ஆகாத வரிகளை வெட்டி எடுக்க வேண்டும்.

பர்மா எல்லையிலிருந்து வேம்புலி என்ற சிப்பாய் எழுதியதிலும் வெட்டினான். ஜப்பான்காரன் விமானத்திலிருந்து தமிழ் நோட்டீசு வீசினானாம். 'நீ இங்கே சாகிறாய், உன் பெண்டாட்டி அங்கே பட்டினி' என்று அதில் அச்சடித்திருந்ததாம். எதிரியின் பேச்சு ஊருக்குள் போகக்கூடாது என்பது உத்தரவு. கத்தரித்த துண்டை நெருப்பில் போட்டான். தாளின் மறுபக்கத்தைப் பார்க்கவில்லை.

வேம்புலி செத்த தகவல் வந்த மறுநாள், பட்டப்பகலில், முகாம் கொட்டகையில் கோதண்டத்தின் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். சேற்று வாடை. புண் அழுகிய வாடை.

திரும்பினான்.

யாருமில்லை.

"பின்னாடி பாத்தியா சாமி..." என்றது காதோரம் ஒரு குரல்.

அதன்பின் கத்தரியைத் தொடும்போதெல்லாம் அதே குரல். தாங்க முடியாமல்தான் வேம்புலியின் பெண்சாதியைத் தேடி வந்துவிட்டான்.

குடிசை வாசலில், மடியில் பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள் அங்கம்மா. வந்தவன் யாரென்று தெரிந்ததும் உள்ளே போய்க் கடிதத்தை எடுத்து வந்தாள். நடுவில் ஓட்டை. கோதண்டம் தாளைத் திருப்பினான். ஓட்டைக்கு மேலே, 'பொட்டப் புள்ளயா இருந்தா'. கீழே, 'ன்னு பேரு வையி'.

"அது இன்னா பேரு சாமி?"

"பாக்காமயே எரிச்சிட்டேம்மா."

அவள் திட்டவில்லை. "ஊர்ல ஆளுக்கொரு பேரு சொல்றாங்க. எனுக்கு மனசு வரல. அவுரு வெச்ச பேரு ஒண்ணு கீதே."

இருட்டத் தொடங்கியது. அங்கம்மா அவனைக் கையமர்த்தினாள்.

"சத்தம் போடாத சாமி. அவுரு வர்ற நேரம்."

காற்று நின்றது. சேற்று வாடை குப்பென்று ஏறியது.

"கண்ணு... நைனா வந்துகீறேன்..."

இருமல். பிறகு பெயர் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. வெட்டி எடுத்ததுபோல வெறும் மௌனம்.

"தெனம் இப்பிடித்தான்," என்று விம்மினாள் அங்கம்மா. "அந்த எடம் மட்டும் காதுல வுழமாட்டேங்குது."

குரல் மறுபடி கூப்பிட்டது.

மறுபடி மௌனம்.

குழந்தை மட்டும் யாருமில்லாத இருட்டுப் பக்கம் தலையைத் திருப்பிச் சிரித்தது, பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.