இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்

நான்கு நாளாகக் கடலில் குளித்தும் கையிலிருந்து கிரீஸ் வாடை போகவில்லை. உப்புத் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டன. சோப்பு போட்டு, மணலை வைத்துத் தேய்த்து, வீட்டுக்கார அம்மாவிடம் எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கிப் பூசியும் பார்த்தாயிற்று. மூக்கருகே கொண்டுபோனால் அதே வாடைதான், லிஃப்ட் தண்டவாளத்தில் தடவுகிற பழைய கிரீஸ் சூடேறினால் வருமே, அது. பதினெட்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவனுக்கு அது பழகிய வாடை. லீவுக்கு வந்த இடத்தில் அது நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவதுதான் புதிது.

"எனக்கு ஒண்ணும் அடிக்கலையே," என்றாள் மனைவி, அவன் கையை முகர்ந்து பார்த்துவிட்டு. "வேலைய மூட்டை கட்டி வச்சுட்டு வாங்கன்னு சொன்னா, மூட்டையையும் தூக்கிட்டு வந்திருக்கீங்க."

அவன் சிரித்து வைத்தான். மனைவியும் எட்டு வயது மகளும் தொப்பியை மாட்டிக்கொண்டு கரைக்குப் போனார்கள். திங்கட்கிழமை, உச்சி வெயில். வாடகை வீட்டின் ஒற்றை அறையில் அவன் தனியாகப் படுத்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நியாயமாக அவர்கள் நேற்றே ஊர் திரும்பியிருக்க வேண்டும். வியாழன் கிளம்பி ஞாயிறு திரும்புவதாகத்தான் ஏற்பாடு. சனிக்கிழமை மதியம் வீட்டுக்கார அம்மா வந்து, அடுத்து வர வேண்டியவர்கள் வெயிலுக்குப் பயந்து வரவில்லை, புதன் வரை இருந்துவிட்டுப் போங்களேன் என்றாள். மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். மூன்று வருடமாக இதோ அதோ என்று போக்குக் காட்டிய லீவு இது. அவன் போனை எடுத்து பஸ் டிக்கெட்டை ரத்து செய்தான். கீழே வைப்பதற்குள் அதே போன் அடித்தது.

அவன் பராமரிக்கிற ஐந்து மாடி அலுவலகக் கட்டடத்தின் வாட்ச்மேன். வியாழனோடு கட்டடம் ஒரு வாரம் அடைப்பு. லிஃப்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தவன் இவன்தான்.

"சார், லிஃப்டுக்குள்ள என்னமோ சத்தம் கேக்குது. விட்டு விட்டு டொம்மு டொம்முன்னு. நாளைக்கு வந்துடுவீங்கல்ல?"

முற்றத்தில் மகள் குதித்துக்கொண்டிருந்தாள்.

"வெயிலுக்கு ரோப்பு விரியும் அண்ணே, அந்தச் சத்தம்தான்," என்றான் வாய் கூசாமல். "நான் புதன்கெழம வந்து பாத்துக்கறேன். நீங்க கிட்ட போகாதீங்க, ஷாக் அடிச்சிடும்."

அன்று சாயங்காலம்தான் இந்த அறையில் அவன் முதலில் அதைக் கேட்டான். மூலையில் இருந்த இரும்பு பீரோவுக்குள்ளிருந்து, முஷ்டியால் குத்துகிற சத்தம். திறந்து பார்த்தால் மடித்த போர்வைகள். ஞாயிறு காலையில் சத்தம் மாறியிருந்தது. தகரத்தில் விரித்த உள்ளங்கை விழுகிற மெத்தென்ற ஓசை. மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள், அவள் காதில் எதுவும் விழவில்லை. இன்று விடியற்காலையில் அது வெறும் சுரண்டலாகியிருந்தது.

இந்த வரிசை அவனுக்குத் தெரியும். லிஃப்டில் சிக்கிக்கொள்கிறவர்கள் முதலில் கோபத்தில் முஷ்டியால் குத்துவார்கள். ஓய்ந்த பிறகு உள்ளங்கை. அதற்கப்புறம் நகம். நகம் வரைக்கும் யாரையும் விட்டதில்லை என்று கல்யாண வீடுகளில்கூடப் பீற்றிக்கொண்டவன் அவன்.

சுவிட்சை அணைக்கும் முன் லிஃப்டைத் தரைத்தளத்துக்கு இறக்கி, கதவைத் திறந்து, உள்ளே தலையை நீட்டிப் பார்த்துவிட வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாளே மண்டையில் ஏற்றுகிற பாடம். வியாழனன்று மனைவி பஸ் நிலையத்திலிருந்து மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அவன் மொட்டைமாடியில், மோட்டார் அறையில் நின்றிருந்தான். கீழே போய்ப் பார்த்துவிட்டு மறுபடி ஐந்து மாடி ஏறி வந்தால் பஸ் போய்விடும். சுவிட்சைக் கீழே இழுத்தான்.

இழுத்தபோது மோட்டார் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

அதை அவன் பார்த்தான். இத்தனை நாளும் பார்க்காத மாதிரி மனசுக்குள் பூசி மெழுகியதை இப்போது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். சுற்றிய சக்கரம் உலுக்கிக்கொண்டு நின்றது. மாடிக்கு மாடி ரோப்பில் பூசியிருக்கும் மஞ்சள் குறி, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் என்று காட்டியது. வாட்ச்மேன் கீழே பட்டனை அமுக்கியிருப்பார், காலி லிஃப்டாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு பையைத் தூக்கினான். உள்ளே இருக்கிற அவசர மணிக்குப் பேட்டரி செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதையும் லீவு முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவன் அவனேதான்.

மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது.

வெக்கை சுவரிலிருந்து இறங்கி வந்து மேலே படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. கிரீஸ் வாடை மூக்கை அடைத்தது. பீரோவில் சுரண்டல் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். ஒன்றுமே இல்லை. இரண்டு நாளாக அந்தச் சத்தம் நின்று தொலையாதா என்று தவித்தவன், இப்போது ஒரு தடவை கேட்டுவிடாதா என்று ஏங்கினான்.

போன் அடித்தது.

"சார், சத்தம் நின்னுடுச்சு. நீங்க சொன்ன மாதிரி வெயிலுக்குத்தான் போல." வாட்ச்மேன் குரலில் நிம்மதி. "இன்னொரு விஷயம் சார். மாடி கூட்டுற அக்கா லீவுக்கு மக வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு இருந்துச்சு. இப்ப அந்த மக வந்து கேட்ல நிக்குது. அம்மா வரவே இல்லையாம். அவங்க போன் என் ரூம்ல சார்ஜ்லயே கெடக்கு. மறந்து போட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன்."

"அண்ணே. வியாழக்கெழம நீங்க லிஃப்ட் பட்டன அமுக்குனீங்களா?"

"நான் எதுக்கு சார் அமுக்கப்போறேன்? எனக்கு மாடில என்ன வேலை?"

அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"கடப்பாரை எடுத்துக்கங்க. மூணாவது மாடிக் கதவ நெம்பித் திறங்க."

"ஷாக் அடிக்கும்னு..."

"அடிக்காது! போங்கண்ணே!"

இதைச் சனிக்கிழமையே சொல்லியிருக்கலாம். இதே கடப்பாரை, இதே இரண்டு வார்த்தை. அன்றைக்கு அந்த அக்கா முஷ்டியால் குத்திக்கொண்டிருந்தாள், உயிரோடு இருந்தாள். நான்தான் கிட்டே போகாதே என்றேன். நான்தான்.

போனில் படி ஏறுகிற செருப்புச் சத்தம். கூடவே ஒரு பெண், மூச்சிரைத்தபடி. இரும்பில் இரும்பு. கிறீச். வாட்ச்மேன் இருமினார். பிறகு அந்தப் பெண் "அம்மா" என்றாள். கத்தவில்லை. தூங்குகிறவளை எழுப்புகிற மாதிரி, திரும்பத் திரும்ப, மெதுவாக.

அவன் போனை அணைத்தான். அணைத்த கையைப் பார்க்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

மனைவியிடம் சொல்லிவிட வேண்டும். இப்போதே. வெளியே ஓடினான். வெயில் கண்ணைக் குருடாக்கியது. மணல் உள்ளங்காலைப் பொசுக்கியது. கரையில் ஆளில்லை. கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் மனைவி, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினாள்.

பக்கத்தில் மகள் இல்லை.

கடலைப் பார்த்தான். இடுப்பளவு தண்ணீரில் மகள் நின்றிருந்தாள். கூட ஒரு பெண். நீலச் சட்டை. அவன் கட்டடத்துத் துப்புரவு ஆட்களின் நீலம்.

அந்தப் பெண் அண்ணாந்து வாயைத் திறந்திருந்தாள். மகள் இரண்டு கையாலும் கடலை அள்ளி அந்த வாயில் ஊற்றினாள். ஊற்றியது உள்ளே போனது. ஒரு சொட்டு வழியவில்லை. மறுபடி அள்ளினாள். மறுபடி.

அவன் மகளைக் கூப்பிட்டான். காற்றுதான் வந்தது.

"அப்பா!" மகளே அவனைப் பார்த்துக் கையாட்டினாள். "இவங்களுக்கு ரொம்ப தாகமாம்ப்பா! நாலு நாளா தண்ணியே குடிக்கலையாம்! நீங்களும் வாங்கப்பா, எனக்குக் கை வலிக்குது!"

மகளின் தோளில் ஒரு கை இருந்தது. அதில் நகங்கள் இல்லை. மகள் அடுத்த வாய்த் தண்ணீருக்குக் குனிந்தபோது, அந்தக் கை அவளை அணைத்துக்கொண்டு இன்னும் ஓர் அடி ஆழத்துக்கு நகர்ந்தது.