சிவ்கா நின்ற வாசல்

எங்கள் ஊரில் மாடு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் மேய்ச்சல் முறை உண்டு. முறை வரும் நாளில் ஊர் மாடுகள் எல்லாவற்றையும் மலைக்கு ஓட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். முன்பெல்லாம் ஒரு கோடைக்கு ஒரு தடவை முறை வந்தால் அதிகம். அவ்வளவு மாடுகள்! இப்போது வாரம் தவறாமல் வந்து நிற்கிறது. முழங்கால் வலியோடு நானும் போகிறேன். போகாமல் என்ன செய்ய?

என் எதிர்வீட்டுப் பெண் ராலிட்சா. வயது பத்து. அவள் அம்மா இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருக்கிறாள். வீட்டில் அவளும் அப்பா அசெனும் மட்டும். இரண்டு மாடுகள். அதில் சாம்பல் நிறப் பசுதான் சிவ்கா.

சிவ்கா முன்பு ராலிட்சாவின் சிநேகிதன் வெலின் வீட்டு மாடு. இலையுதிர்காலம் தொடங்கியபோது வெலின் குடும்பமே பிழைப்புக்காக ஸ்பெயினுக்குப் போய்விட்டது. மாட்டை அசெனுக்கு விற்றார்கள். வாசல் கதவைப் பூட்டினார்கள். எங்கள் தெருவில் அது ஐந்தாவது பூட்டு.

"சிவ்காவ பத்திரமா பாத்துக்கோ ராலி" என்று கிளம்பும்போது வெலின் சொன்னான். "காதுக்குப் பின்னால சொறிஞ்சு விடு. இல்லன்னா கோவிச்சுக்கும்."

ராலிட்சா தினமும் சொறிந்துதான் விட்டாள். ஆனாலும் வந்த நாளிலிருந்து சிவ்கா சரியாகப் பால் தரவில்லை. அசென் உட்கார்ந்து கறந்தால் வாளியின் அடிகூட நனையாது.

"என்னைத்தான் சொல்லணும்!" என்று அசென் வாளியை உதைத்தார். "வத்திப்போன மாட்ட என் தலையில கட்டிட்டுப் போயிட்டான் வெலினோட அப்பன்."

"அவரு அப்படிச் செய்யமாட்டாருப்பா."

"அதான் செஞ்சிட்டாரே!"

இன்னொரு தொல்லையும் இருந்தது. மாலையில் மலையிலிருந்து இறங்கும் மாடுகள், யாரும் ஓட்டாமலே அதனதன் வீட்டுக்குள் நுழைந்துவிடும். சிவ்கா மட்டும் வெலின் வீட்டுப் பூட்டிய கதவின் முன்னால் போய் நின்றுகொள்ளும். நகராது. அசென் தடியை எடுத்துக்கொண்டு வருவார். அடி விழும் சத்தம் என் வீடுவரை கேட்கும். நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். ராலிட்சா எங்கே போய்ச் சாத்திக்கொள்வாள்? அவள் காதைப் பொத்திக்கொண்டு அழுவாள்.

எங்கள் ஊர்ப் பால் எல்லாம் பழைய கடைக்குப் பக்கத்தில் இருக்கும் தொட்டியில் சேரும். குறைந்தது இவ்வளவு பால் வேண்டும் என்று தொட்டிக்குள் ஒரு கோடு போட்டிருக்கும். பால் வண்டிக்கார மித்கோ வந்து அள்ளிக்கொண்டு போவான். அந்த வாரம் தொட்டி மூடியைத் திறந்தவன், உதட்டைப் பிதுக்கினான்.

"கோட்டுக்குக் கீழயே நிக்குதே! கம்பெனில கண்டிப்பா சொல்லிட்டாங்க. சனிக்கிழமை பால் கோட்டைத் தொடலன்னா, இனிமே நான் இந்த மலை ஏறமாட்டேன்."

"அப்போ கறக்கற பாலை நாங்க என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"ஊத்திக் குளிங்க" என்றான்.

என்ன திமிர் பாருங்கள்! ஆனால் அவன் கண் சிரிக்கவில்லை. பால் வண்டி நின்றால் எங்கள் ஊரில் ஒருவரும் மாடு வைத்திருக்க முடியாது. அது அவனுக்கும் தெரியும்.

அன்று சாப்பிடும்போது அசென் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். "வெள்ளிக்கிழமை காலைல கறிக்கடை லாரி வருது. சிவ்காவ ஏத்திடறேன். பால் வண்டியும் நின்னுட்டா இன்னொன்னையும் வித்துட்டு நாமளும் கிளம்பிடுவோம். கதவைப் பூட்டிட்டு உங்கம்மாகிட்டயே போயிடலாம்."

ராலிட்சா ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

மறுநாள் பள்ளியில் நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள். நெவெனா டீச்சர் பலகையில் ஒரு நீளமான கோடு வரைந்தாராம். இடது பக்கம் உயரமாக இருந்த கோடு, நடுவில் சரேலென்று இறங்கி, அப்புறம் தரையோடு தரையாக ஊர்ந்து போனது.

"நம்ம நாட்டு ஆடு, மாடு, பன்னி, கோழி எல்லாம் வருஷத்துக்கு எவ்வளவு மதிப்புக்குப் பால், கறி, முட்டை தருதுன்னு இந்தக் கோடு காட்டுது" என்றார் டீச்சர். "இந்தப் பக்கம் உங்க தாத்தா காலம். அந்தப் பக்கம் நம்ம காலம்."

"டீச்சர், இதுல பனிச்சறுக்கு வண்டி விடலாம்!" என்றான் யாவோர். வகுப்பே சிரித்தது.

"விடுவே, விடுவே. கோடு இப்படி இறங்கினா என்ன அர்த்தம்? யாராவது சொல்லுங்க."

ராலிட்சா எழுந்தாள். "எங்களுக்கு மேய்ச்சல் முறை அடிக்கடி வரும்னு அர்த்தம், டீச்சர்."

யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பிள்ளைகள் வீட்டில் அதே கதைதான்.

"இறங்கறது எப்ப நிக்கும், டீச்சர்?"

நெவெனா டீச்சர் கோட்டைப் பார்த்தார். "தெரியலம்மா" என்றார். பொய் சொல்லாத டீச்சர்.

வியாழக்கிழமை அசென் வீட்டு முறை. பள்ளி விட்டு வந்த ராலிட்சா மலைக்குப் போய், அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மாடுகளை அவளே இறக்கிக்கொண்டு வந்தாள். நாளைக்கு லாரி. சிவ்காவோடு இதுதான் கடைசி நடை என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் மற்ற மாடுகளை விட்டுவிட்டு சிவ்காவின் பின்னாலேயே போனாள்.

சிவ்கா வழக்கம்போல வெலின் வீட்டு வாசலில் நின்றது. கதவை முகர்ந்தது. "ம்மா" என்று அடிவயிற்றிலிருந்து கத்தியது.

ராலிட்சா குனிந்து பார்த்தாள். சிவ்காவின் கால்களுக்கு நடுவே புழுதி நனைந்திருந்தது. காம்பிலிருந்து பால் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது!

அவள் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினாள்.

"அப்பா! சிவ்கா வத்திப்போகலப்பா! வெலின் வீட்டு வாசல்ல அதுக்குப் பால் சுரக்குது. உள்ள கூட்டிட்டுப் போய்க் கறந்து பாக்கலாம்!"

"பூட்டின வீட்டுக்குள்ள நுழையறதா? நாம என்ன திருடங்களா? லாரிக்காரனுக்கு வாக்கு குடுத்தாச்சு, போ."

"அவங்க சரின்னு சொன்னா?"

அசென் கோடாலியை எடுத்துக்கொண்டு விறகு பிளக்கப் போனார். அவருடைய போன் மேசையிலேயே இருந்தது. வேண்டாம் என்று அவர் சொல்லவில்லையே! ராலிட்சா போனையும் வாளியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஸ்பெயினில் வெலின் போனை எடுத்தான். திரையில் சிவ்காவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்து, உடனே வாடியது.

"ஏன் அது வெளியவே நிக்குது?"

"கதவு பூட்டியிருக்குல்ல."

அவன் அம்மா போனை வாங்கினாள். தன் வீட்டுக் கதவை வெகுநேரம் பார்த்தாள். கையில் இருந்த பாத்திரத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மதில்ல ஒரு கல்லு ஆடும், கண்ணு. அதுக்குப் பின்னால சாவி இருக்கு. பயப்படாம தொற."

"ஜன்னல் பக்கத்துக் கம்பத்துல கட்டு!" என்று பின்னாலிருந்து வெலின் கத்தினான். "வேற எங்க கட்டினாலும் உதைக்கும்!"

கதவு கிறீச்சிட்டது. பூட்டிய வீட்டுக் கதவு திறக்கிறதே, திருடன்தான் என்று நான் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் கொட்டிலுக்குள் சிவ்கா! கட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. தானாகவே ஜன்னல் பக்கம் போய் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. ராலிட்சா அதன் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக் கறந்துகொண்டிருந்தாள். வாளிக்குள் சர் சர்ரென்று பால் இறங்கியது.

"துடைப்பம் எதுக்கு அத்தை?" என்றாள்.

"கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

தளும்பிய வாளியை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்து அசென் முன்னால் வைத்தோம். அவர் வாளியைப் பார்த்தார். கோடாலியைக் கீழே போட்டார்.

"அதைப் போட்டு அடிச்சேனே, ராலி" என்றார். "தினமும் அடிச்சேனே."

பிறகு லாரிக்காரனுக்குப் போன் செய்தார். மறுமுனையில் அவன் கத்தியது எனக்கே கேட்டது.

"ஆமாய்யா, வாக்கு மாறினவன்தான். இன்னும் ரெண்டு திட்டு சேத்தே திட்டிக்கோ" என்றார் அசென். வைத்துவிட்டு, "வெலின் அப்பா நம்பரைப் போட்டுக் குடு. அவருகிட்டயும் திட்டு வாங்க வேண்டியது இருக்கு" என்றார்.

சனிக்கிழமை மித்கோ தொட்டி மூடியைத் திறந்தான். பால் கோட்டை மட்டுமட்டாகத் தொட்டு நின்றது. அவன் குனிந்து முகர்ந்தான்.

"யாராச்சும் தண்ணி ஊத்தினீங்களா?"

"நீ குளிக்கச் சொன்னியே, குளிச்சது போக மிச்சம் இது" என்றேன்.

மித்கோ சிரித்துவிட்டான். அப்புறம் சிரிப்பை நிறுத்தினான். "இந்த மாசம் வர்றேன். அடுத்த மாசத்தை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க."

நாங்கள் கேட்கவில்லை. அடுத்த வாரமே மேல்தெருவில் ஒரு வீட்டு மாடுகள் லாரியில் ஏறின. என் முறை இன்னும் சீக்கிரம் வரப்போகிறது. நெவெனா டீச்சரின் கோடு எங்கே போய் நிற்குமோ, எனக்கும் தெரியாது.

ஆனால் மாலையில் மாடுகள் இறங்கும்போது எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள். நான்கு வீடுகளில்தான் பூட்டு தொங்கும். ஐந்தாவது வீட்டுக் கதவு விரியத் திறந்திருக்கும். பெரிய வாளியோடு ராலிட்சா வாசலில் நிற்பாள். சிவ்கா யாரையும் திரும்பிப் பார்க்காமல், தன் வீட்டுக்குள் நேராக நடந்து போகும்.