மூன்றாந்தரம்

கல்முனைக் கடற்கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பஹ்மிதா டீச்சர் மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆறாம் வகுப்புக்குத் தமிழ். அதே வகுப்பில்தான் அவளுடைய ஒரே மகள் அம்ஹாவும் படித்தாள். வீட்டில் வாய் ஓயாத பிள்ளை. வகுப்பில் மட்டும் உம்மாவை "டீச்சர்" என்று கூப்பிட்டுவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

அன்று விடிந்ததிலிருந்து மழை. பின் ஜன்னலுக்கு வெளியே மதில், அதற்கப்பால் கடல். திங்கட்கிழமை வகுப்பைப் பார்க்க அதிகாரி வருகிறார். பிள்ளைகள் கவிதையைப் பற்றி நாலு வார்த்தை கதைத்தால்தான் பஹ்மிதாவின் மானம் தப்பும். இதுகளோ சொல்லிவைத்தாற்போல் வாயை மூடிக்கொண்டிருந்தன.

கவிதையில் கடல், கரையில் நிற்கும் சிறுவர்களிடம் கேட்கிறது. அந்தக் கடைசி அடியை அவள் இழுத்து வாசித்தாள்.

"என்னோடு விளையாட வருவது யார்?"

"கடல் கேக்குது. நீங்க என்ன பதில் சொல்லுவீங்க?"



"என்னோடு விளையாட வருவது யார்?"

இது ஜன்னலுக்கு வெளியிலிருந்து வந்தது. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசும் சிறுபிள்ளையின் குரல்.

பஹ்மிதா எட்டிப் பார்த்தாள். மழையும் மதிலும்தான்.

மறுபடியும் அதே குரல், அதே அடி.

இப்போது ஜன்னல் கம்பிக்குக் கிட்ட.

அழுகிய பாசி வாடை குப்பென்று அடித்தது.

"பதில் சொல்லப்படா டீச்சர்," கடைசி வாங்கில் இருந்த ஜுனைட் கிசுகிசுத்தான். "அதுகள் ரெண்டு தரம்தான் கூப்பிடுமாம். மூணாந்தரமும் கூப்பிட்டாத்தான் மனுசராம். எங்கட உம்மா சொன்ன."

பஹ்மிதாவுக்கும் உள்ளுக்குள் பயம்தான். அது கோபமாக வெளியே வந்தது.

"பேய்க்கதைய வீட்டுல வெச்சிட்டு வாங்க! பெரிய வகுப்புப் பொடியன்மார் பகிடி விடுறானுகள்."

புத்தகத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அந்த அடியை அவளே உரத்துச் சொன்னாள்.

மூன்றாந்தரம்.

உம்மா தோற்றுப்போய் நிற்பதை அம்ஹாவால் பார்க்க முடியவில்லை. எழுந்து நின்றாள்.

"ஓம் டீச்சர், நான் வாறன்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அம்ஹா ஒரு சொல்லும் பேசவில்லை. தொண்டையில் ஒரு குறையுமில்லை என்றார் டாக்டர். பள்ளிவாசல் லெப்பை வந்து ஓதித் தண்ணீர் கொடுத்தார். "யா அல்லாஹ், அதுக்காக மூணாந்தரம் நானெல்லுவா கூப்பிட்டுக் குடுத்த!" என்று பஹ்மிதா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்திலிருந்த அம்ஹா அவளுடைய கண்ணீரைத் துடைத்துவிட்டாள்.

திங்கட்கிழமையும் மழை. மகளை வீட்டில் விட மனமில்லாமல் கூட்டிவந்து முன்வாங்கில் இருத்தினாள். வேறொரு கவிதையைத்தான் ஆயத்தம் செய்திருந்தாள். அதிகாரி கனகரெத்தினம் புத்தகத்தைப் புரட்டினார்.

"இது நல்ல கவிதையல்லோ டீச்சர்?"

அவள் தடுப்பதற்குள் வாசித்தே முடித்துவிட்டார்.

"என்னோடு விளையாட வருவது யார்? ம், சொல்லுங்க பாப்பம்."

பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்ஹாவின் உதடுகள் இறுக மூடியிருந்தன. கன்னத்தில் கண்ணீர் வடிந்தது.

"ஓம், நான் வாறன்."

அம்ஹாவின் குரல்தான்.

பின் ஜன்னலிலிருந்து.

அதிகாரி அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

"கெட்டிக்காரப் பிள்ளை. அவவை ஏன் டீச்சர் மழைக்குள்ள நிக்க வெச்சிருக்கீங்க?"