ஒரே துணி, இரண்டு வெட்டு

மருமகள் டீ டம்ளரை மேஜைமேல் ‘டக்’கென்று வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். “அத்தை, டீ” என்ற வழக்கமான வார்த்தை வரவில்லை. வேலைக்குக் கிளம்பிய மூத்த மகனும் அம்மா பக்கம் திரும்பாமலே செருப்பை மாட்டிக்கொண்டு போனான். தையல்காரம்மாவுக்குப் பொழுது விடிந்ததே பிடிக்கவில்லை.

எல்லாம் நேற்று அடித்த கூத்து. முட்டி தேய்ந்துபோய் அவள் தையல் கடையை விற்ற பணம் வங்கியில் சும்மா கிடந்தது. அதை இ.டி.எஃப்.பில் போடலாம் என்றார்கள் வீட்டில். பல கம்பெனிப் பங்குகளை ஒரே கட்டாகச் சந்தையில் வாங்குவதாம். மருமகள் ஒரு ஃபண்டைச் சொன்னாள். சின்ன மகன் இன்னொன்றைச் சொன்னான். அதில் ஒரு யூனிட், அதாவது ஒரு துண்டு, விலை மருமகள் சொன்னதில் பத்தில் ஒரு பங்குதான். மலிவானது இருக்க, விலை கூடியதை நம் தலையில் கட்டப் பார்க்கிறாளே என்று தையல்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. மகளைப் பார்க்க வந்திருந்த சம்பந்தியம்மாவின் முன்னாலேயே கேட்டுவிட்டாள்.

“இதுல உனக்கு எவ்வளவு கமிஷன்?”

சம்பந்தியம்மா கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

யாரைக் கேட்டாள்! மாமியார் முட்டி ஆபரேஷன் செய்து படுத்தபோது, நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்து காஜா எடுத்தவளை!

ஆனாலும் இன்று காலையிலும் வீம்பு விடவில்லை. சின்ன மகனைக் கூப்பிட்டாள். “டேய், அந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிடா. யார் சொன்னது சரின்னு தெரியட்டும்!”

ஃபோனைப் பார்த்த சின்னவனின் குரல் இறங்கியது. “அம்மா… ரெண்டும் ஒரே இண்டெக்ஸத்தான், ஒரே கம்பெனிப் பட்டியலத்தான் ஃபாலோ பண்ணுது. அதே கம்பெனிங்க, அதே அளவு.”

“அப்புறம் ஏன்டா இது விலை கம்மி?”

“சின்னச் சின்ன யூனிட்டா பிரிச்சிருக்காங்க, அவ்வளவுதான். நம்ம பணத்துக்கு ரெண்டுலயும் அதே சரக்குதான் வரும். ஆனா நான் சொன்னதுல வருஷா வருஷம் பிடிக்கிற செலவு மூணு மடங்கும்மா. அண்ணி சொன்னதுதான் சரி…”

“கமிஷன்?”

“நாமதானே நேரா வாங்குறோம்? அண்ணிக்கு யாரு குடுப்பா?”

தையல்காரம்மா கூனிக் குறுகிப் போனாள். பாதி ஆயுளை அளவு நாடாவோடு கழித்தவள்! ஒரே துணியை முழமாக வெட்டினாலும் சாணாக வெட்டினாலும் துணி அதேதான் என்பது அவளுக்குத் தெரியாதா? துண்டின் விலையைப் பார்த்து ஏமாந்தது போகட்டும். பெற்றவள் முன்னால் ஒரு பெண்ணைத் திருடியாக்கிவிட்டாளே!

அடுக்களைக்குப் போனாள். மருமகள் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இங்கே தனியாக இரண்டு வார்த்தை சொல்லிவிடுவது சுலபம். ஆனால் நேற்று தனியாகவா கேட்டாள்? அங்கேயே நின்று சம்பந்தியம்மாவுக்கு ஃபோன் போட்டாள்.

“நான்தாங்க… வச்சிடாதீங்க! நேத்து உங்க பொண்ணைக் கேட்டது என் வாய்க்கொழுப்பு. அவ சொன்னதுதான் சரி. எனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சு… மன்னிச்சிடுங்க.”

“என்கிட்ட சொல்லிட்டீங்க. அவகிட்ட சொன்னீங்களா?” என்றார் சம்பந்தியம்மா.

தையல்காரம்மா திரும்பினாள். சோப்புக் கையோடு நின்ற மருமகளின் கண்கள் குளமாகியிருந்தன.

“கேட்டதுகூடப் பரவால்ல… கேக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை என் மூஞ்சியப் பாத்திருக்கலாம்ல?”

“பாத்திருக்கணும்டி… பாக்கல…” அந்தச் சோப்புக் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள். “நீ சொன்னதையே வாங்கிடலாம். நீயே உன் கையால போடு.”

“மாட்டேன். இது ஏறும், இறங்கும். இறங்குற அன்னைக்கு மறுபடியும் கமிஷன் கேப்பீங்க.”

“இறங்கினா இறங்கட்டும். உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் இனிமே வாயையே திறப்பேன்.”

மருமகள் கையை விடுவித்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். தொடாமல் கிடந்த டம்ளரோடு திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

“ஆறிப் போச்சு. இருங்க அத்தை, சூடு பண்ணித் தரேன்.”

அந்த ‘அத்தை’யைக் கேட்ட பிறகுதான் தையல்காரம்மா வாய்விட்டு அழுதாள்.